சோடிக்குள் ஒருத்தி

2018 பெப்ரவரி 19. தென்கொரியாவின் கங்நங் பனியரங்கில் ஒலிம்பிக் பனிநடனத்தின் முதற்சுற்று நடந்துகொண்டிருந்தது. பிரான்சின் கப்ரியெல்லா பப்பதாகிஸும் கியோம் சிஸெரோனும் ஆடத் தொடங்கிச் சில விநாடிகள்தான் ஆகியிருந்தன. கப்ரியெல்லாவின் பச்சைச் சட்டையின் கழுத்துக் கொளுக்கி கழன்றுவிட்டது. உலகமே நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி, நழுவுகிற சட்டையோடு இன்னும் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆடவேண்டியிருந்தது.

நிறுத்தியிருக்கலாம்; நிறுத்தினால் புள்ளி கழியும். ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆடியிருக்கலாம். ஆனால் பனிநடனத்தில் ஒருவருடைய கை அவருக்கு மட்டும் சொந்தமில்லை. அடுத்த அடியில் அந்தக் கையைச் சிஸெரோன் பற்றவேண்டும், அதற்கடுத்த அடியில் அது அவருடைய தோளில் இருக்கவேண்டும். கை வராவிட்டால் இருவரும் விழுவார்கள். கப்ரியெல்லா ஆடி முடித்தார். கிடைத்தது 81.93 புள்ளி. கனடாவின் டெசா வேர்ச்சூவும் ஸ்கொட் மொயரும் 83.67 எடுத்து முன்னால் நின்றார்கள். மறுநாள் பீத்தோவனின் நிலவொளி சொனாட்டாவுக்கு ஆடிய இரண்டாம் சுற்றான சுயநடனத்தில் பிரெஞ்சுச் சோடி 123.35 எடுத்தது. அன்றைய நாளின் அதியுயர் புள்ளி அது. இரண்டையும் கூட்டியபோது 205.28. கனடாச் சோடிக்கு 206.07. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் 0.79.

கொளுக்கி கழலாமல் இருந்திருந்தால் என்ற பேச்சு அன்றைக்கே எழுந்தது. மறுநாள் ஆட்டத்தைவிட முதல்நாள் படங்கள்தான் வேகமாய்ப் பரவின; ஒரு பெண்ணின் சங்கடத்தை விற்றுத் தீர்ப்பதில் ஊடகங்களுக்கு எந்த நாட்டிலும் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் அந்த மூன்று நிமிடங்களில் நின்று பார்க்கவேண்டிய விடயம் வேறு. சட்டை ஒருத்தியுடையது. பயம் ஒருத்தியுடையது. புள்ளியோ இருவருக்கும் ஒன்று. பனிநடனப் பதிவேட்டில் அவருக்கு இவ்வளவு, இவருக்கு இவ்வளவு என்று பிரித்தெழுத இடமே கிடையாது. ஒரு பனிநடனக்காரியின் போட்டி வாழ்க்கையை எழுதப் புகுந்தால், பேனா ஒவ்வொரு வரியிலும் இன்னொரு பெயரையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

வன்னிக்கு இந்த விளையாட்டு தூரம். முல்லைத்தீவுக் கரையில் ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸ்தான். அதன்மேல் ஒருவர் கத்திபோன்ற இரும்புப் பட்டைகளில் நின்று ஆடுவதைக் கிளிநொச்சிப் பிள்ளைகள் கைபேசித் திரையில்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் பிரான்ஸ் தூரமில்லை. லாசப்பலில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவும், பாரிஸ் புறநகரில் பிறந்து வளர்ந்த மச்சாளும் இல்லாத குடும்பம் ஏ-9 வீதியின் இருபக்கத்திலும் குறைவு. அந்தப் பிள்ளைகள் குளிர்காலத்தில் சறுக்குக் காலணி கட்டிக்கொண்டு தடுமாறுகிற வீடியோக்கள் பரந்தன் வரைக்கும் வந்து சேருகின்றன. ஆகவே அந்த நாட்டின் ஆட்டக்காரி ஒருத்தியின் கதை இங்கே சொல்லப்படுவதில் புதுமை இல்லை.

பனிச்சறுக்கில் சோடியாய் ஆடும் போட்டிகள் இரண்டு. சோடிச்சறுக்கில் ஆண் பெண்ணைத் தலைக்குமேல் தூக்குவார், தூர வீசுவார், அவர் காற்றில் சுழன்று வந்து இறங்குவார். பனிநடனத்தில் இவை எதுவும் இல்லை. தலைக்குமேல் தூக்கக்கூடாது. வீசக்கூடாது. பெரிய பாய்ச்சல்கள் கூடாது. இருவரும் நீண்டநேரம் பிரிந்து நிற்கக்கூடாது. எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது அடவும் தாளமும் நெருக்கமும். பாதத்துக்கடியில் உள்ள இரும்புப் பட்டைக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு உண்டு; எந்த விளிம்பில் எவ்வளவு ஆழமாய்ச் சாய்ந்து எந்த வேகத்தில் வளைகிறார்கள், அப்படிச் சாயும்போது இரண்டு உடம்புகளுக்கும் இடையிலான தூரம் மாறுகிறதா இல்லையா என்பதை நடுவர்கள் பார்ப்பார்கள். 1952 முதல் உலகப் போட்டிகளிலும் 1976 முதல் ஒலிம்பிக்கிலும் இது இருக்கிறது. பாய்ச்சலைப் பார்த்துக் கைதட்டப் பழகியவருக்கு முதலில் சலிப்பாய்த்தான் இருக்கும். நிறையப் பார்க்கப் பார்க்கத்தான் இதன் கடினம் பிடிபடும்.

கப்ரியெல்லா 1995 மே 10 இல் கிளெர்மோன்-ஃபெரோன் நகரில் பிறந்தவர். தகப்பன் கிரேக்கர். தாய் கத்ரீன் பனிநடனப் பயிற்றுநர். சிஸெரோனும் அதே நகரத்து அரங்கில் பழகிய பையன், ஆறு மாதம் மூத்தவர். 2004 இல், பத்து வயதை ஒட்டிய இருவரையும் ஒன்றாய் ஆடவிட்டவர் கத்ரீன்தான். வீட்டில் தாய், அரங்கில் ஆசிரியை; பக்கத்தில் ஒரு பையன், அவனோடுதான் இனி எல்லாம். தன் சோடியைத் தானே தேர்ந்தெடுக்கிற வயதில்லை அது. அந்த ஏற்பாடு இருபது ஆண்டு நீண்டது. பல திருமணங்களைவிட நீளம்.

இளையோர் நிலையில் அவர்கள் நன்றாய் ஆடினார்கள். 2013 இல் உலக இளையோர் போட்டியில் வெள்ளி. வளர்ந்தோர் நிலைக்கு வந்தவுடன் பெரிதாய் எதுவும் நடக்கவில்லை. 2014 உலகப் போட்டியில் பதின்மூன்றாம் இடம். அந்தக் கோடையில் பயிற்றுநர் ரொமேன் ஆகனோவரோடு இருவரும் மொன்றியலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அடுத்த பன்னிரண்டு மாதங்களில் நடந்தது இந்த விளையாட்டில் அபூர்வம். பனிநடனத்தில் ஏணி மெதுவானது. பெயர் வாங்க ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும் என்பது எழுதாத விதி. இவர்களோ மொசார்ட்டின் 23ஆம் பியானோ கொன்செர்ட்டோவின் மெல்லிய நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு ஆடினார்கள். முகபாவனை குறைவு, கதை இல்லை, கண்ணைப் பறிக்கும் உத்திகள் இல்லை. ஒருவர் மூச்சு முடிகிற இடத்தில் மற்றவர் அடி தொடங்குகிறது. முழங்கால்கள் மடிவது தெரியாமல் வேகம் கூடுகிறது. 2015 தையில் ஸ்ரொக்ஹோமில் ஐரோப்பியப் பட்டம். பங்குனியில் ஷங்ஹாயில் முதற்சுற்றில் நான்காம் இடத்தில் நின்றவர்கள், சுயநடனம் முடிந்தபோது உலகச் சம்பியன்கள். பதின்மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஓராண்டு. அந்த ஆட்டத்தைப் பார்ப்பவர் நடுவர்களின் தாராளத்தைச் சந்தேகிக்கமாட்டார். அதில் உள்ள அமைதி பயின்று வந்த அமைதி, நாடகத்துக்காகப் பூசியதல்ல.

அதே ஆண்டு ஆவணியில் பயிற்சியின்போது விழுந்து கப்ரியெல்லாவுக்கு மூளை அதிர்ச்சி. பனியில் பின்தலை மோதினால் கட்டுப்போட்டு ஆறவிடுகிற காயம் அல்ல அது. வெளிச்சமும் சத்தமும் வலிக்கும், எழுத்து நடுங்கும், நினைவு தடுமாறும். அந்தப் பருவத்தின் முதற்பாதிப் போட்டிகள் எல்லாம் போயின. அடிபட்டது ஒருத்திக்கு. நின்றுபோனது இருவருடைய வேலை. ஓட்டக்காரர் ஒருவர் காயப்பட்டால் அவர் மட்டும் வீட்டில் இருப்பார். பனிநடனக்காரர் காயப்பட்டால், காயமே இல்லாத இன்னொருவர் தனியே வட்டம் சுற்றிக்கொண்டிருப்பார். அந்தக் கடன் உணர்ச்சியைச் சுமந்துகொண்டே சுகப்படவேண்டும். 2016 தையில் திரும்பிவந்து மீண்டும் ஐரோப்பியப் பட்டம், பொஸ்ரனில் மீண்டும் உலகப் பட்டம்.

அழகுக்கு எப்படிப் புள்ளி போடுவது என்ற கேள்வி வன்னி ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. தமிழ்மொழித்தினப் போட்டிகளில் குழுநடனத்துக்கும் நாட்டிய நாடகத்துக்கும் கோட்டத்திலிருந்து வலயம், வலயத்திலிருந்து மாகாணம், அங்கிருந்து தேசியம் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் புள்ளித்தாளோடு மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். துணுக்காய் வலயத்திலிருந்து பஸ் பிடித்துப் போன பிள்ளைகள், எதனால் தோற்றோம் என்று விளங்காமல் திரும்பி வருவார்கள். ஒலிம்பிக்கிலும் அதுதான் நடந்தது, பெரிய அளவில். 2002 இல் சோல்ட் லேக் சிற்றியில் சோடிச்சறுக்குத் தங்கம் ரஷ்யாவுக்குப் போனபோது, பிரெஞ்சு நடுவர் மரி-ரென் லு கூஞ் தனக்கு அழுத்தம் தரப்பட்டது என்றார். பிறகு அதை மறுத்தார். ரஷ்யச் சோடிக்குப் பிரான்சின் வாக்கு, பதிலுக்குப் பனிநடனத்தில் பிரெஞ்சுச் சோடிக்கு ரஷ்யாவின் வாக்கு என்ற பேரமே குற்றச்சாட்டு. லு கூஞ்சும் பிரெஞ்சுச் சம்மேளனத் தலைவர் டிடியே கயாகேயும் மூன்றாண்டு தடைசெய்யப்பட்டார்கள். கனடாச் சோடிக்கு இரண்டாவது தங்கம் கொடுக்கப்பட்டது.

ஆறுக்கு எத்தனை என்று போட்ட பழைய முறை அதோடு ஒழிந்தது. 2004 இல் சர்வதேசச் சறுக்குச் சங்கம் ஏற்றுக்கொண்ட புதிய முறையில் ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அடிப்படைப் பெறுமதி உண்டு. ஒன்பது நடுவர்கள் அதன்மேல் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். கூடியதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரி. முந்தியதைவிட நேர்மையான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் தசமத்தில் எழுதிவிட்டால் ரசனை கணக்காகிவிடும் என்ற நம்பிக்கையையும் அது கூடவே கொண்டுவந்தது. 2020 இல் கிராஸ் நகரில் பப்பதாகிஸ்–சிஸெரோன் சோடி ஆறாவது தொடர் ஐரோப்பியப் பட்டத்தை ரஷ்யாவின் சினித்சினா–கத்சலாபோவ் சோடியிடம் 0.14 புள்ளியில் இழந்தது. ஒரு முழங்கால் மடிப்பின் ஆழத்தை ஒரு நடுவர் சற்று வேறாய்ப் பார்த்தால் போதும், அவ்வளவு வந்துவிடும். எழுபத்தைந்து வயதுக் கூத்து அண்ணாவியார் ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பதில் இருக்கிற தீர்ப்பு, இந்தத் தசமங்களைவிடக் குறைந்த நுட்பமுடையது என்று சொல்லத் துணிபவர் கூத்தையும் அறியார், பனிநடனத்தையும் அறியார்.

பிரெஞ்சுப் பனிநடனத்தில் கப்ரியெல்லாவுக்கு முன்பே இந்தச் சோடிக் கட்டுக்குள் தம் பங்கைத் தேடிய பெண்கள் உண்டு. மரினா அனிசினா மொஸ்கோவில் பிறந்தவர். இலியா அவெர்புக்கோடு இரண்டுமுறை உலக இளையோர் பட்டம் வென்றவர். அவெர்புக் வேறொரு பெண்ணோடு ஆடப் போய்விட்டார். பதினேழு வயதில் சோடி இல்லாத பனிநடனக்காரி என்றால் ஆட்டமே இல்லை. அனிசினா வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். லியோனிலிருந்து குவென்டல் பெஸெரா வரச்சொன்னார். 1993 இல் மொழி தெரியாத நாட்டுக்குப் போய், அவரோடு பழகி, 1998 இல் ஒலிம்பிக் வெண்கலம், 2000 இல் உலகப் பட்டம், 2002 இல் ஒலிம்பிக் தங்கம். அந்தத் தங்கத்துக்கு அடுத்த படியில் வெள்ளியோடு நின்றவர் இலியா அவெர்புக். லு கூஞ் விவகாரத்தின் நிழல் அந்தப் பதக்கத்திலும் விழுந்தது. ஆனால் குற்றச்சாட்டு ஆடியவர்கள்மேல் இல்லை. அனிசினாவை நினைவில் வைத்திருப்பவர்கள் பதக்கத்தைவிட இன்னொன்றைச் சொல்வார்கள்: அவர் பெஸெராவைத் தூக்கினார். பெண் ஆணைத் தூக்குவதை அந்தச் சோடி தன் அடையாளமாக்கியது. அரங்கு ஒவ்வொருமுறையும் மூச்சைப் பிடித்தது.

இசபெல் டெலோபெல் 2008 இல் ஒலிவியே ஷோன்ஃபெல்டரோடு உலகச் சம்பியன். 2009 ஒக்ரோபரில் மகனைப் பெற்றார். 2010 பெப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக்கில் ஆடி ஆறாவதாய் வந்தார். பிள்ளைப்பேறு முடிந்து ஐந்து மாதம்கூட ஆகாத உடம்போடு ஆறாமிடம் என்பதை, பதக்கப் பட்டியலில் மட்டும் கண் வைத்திருப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக்கூடாத இடம் அது.

ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்பது பனிநடனச் சர்வதேச விதி. ஆண் தாங்க, பெண் மலர என்பது அதன் பழைய மனப்படிவம். கூத்து வளர்ந்த மண்ணிலிருந்து பார்த்தால் இந்த விதி அவ்வளவு இயல்பாய்த் தெரிவதில்லை. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலோடு வாழ்கிற முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து தலைமுறை தலைமுறையாய் ஆடப்பட்டது. முல்லைமோடி என்று அதன் ஆட்டமுறைக்குப் பெயரே இருக்கிறது. அந்த மரபில் கோவலனும் ஆண், கண்ணகியும் ஆண், மாதவியும் ஆண். பெண்களை மேடையேற விடாத காலத்தின் ஏற்பாடு அது. அந்த அநீதியை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்குள்ளேயே வேறொரு அறிவும் இருந்தது. சோடி என்பது ஒரே மத்தளத்துக்குக் கால்வைக்கிற இரண்டு பேர். யார் கோவலன், யார் கண்ணகி என்பதை உடையும் அடவும் தீர்மானிக்கும். கண்ணகியாய் ஆடியவர் விடிந்தபின் வயலுக்குப் போய் வரம்பு வெட்டினார். ஊரில் எவருக்கும் அது முரணாய்ப் படவில்லை. இப்போது அதே கூத்தில் பெண்பிள்ளைகள் பாடசாலை மேடைகளில் கோவலனாய் ஆடினாலும் தாளம் பிசகுவதில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கணேஷ் இந்துகாதேவி 2022 இல் பாகிஸ்தானில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் தங்கம் வென்று வந்தபோதும், முள்ளியவளையின் அகிலத்திருநாயகி 72 வயதில் 2023 இல் பிலிப்பைன்ஸ் மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கங்களோடு திரும்பியபோதும், ஊர் மாலையோடு போய் நின்றது. அந்தப் பதக்கங்களைப் பார்த்து இது யாருடையது என்று ஒருவரும் கேட்கத் தேவையில்லை. அடி வாங்கியதும் கொடுத்ததும் ஒரே உடம்பு. வேர்த்ததும் ஒரே உடம்பு. வறுமையையும் இடப்பெயர்வையும் தாண்டி வந்த பெண்ணுக்குத் தன் பெயரில் மட்டும் ஒரு வெற்றி எழுதப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். கப்ரியெல்லாவிடம் ஐந்து உலகத் தங்கங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இப்படித் தனியே அவர் பெயரில் இல்லை. வசதியும் அரங்கும் பயிற்றுநரும் எல்லாம் கிடைத்த ஒருத்திக்குக் கிடைக்காத ஒன்று, முள்ளியவளை மூதாட்டிக்குக் கிடைத்திருக்கிறது.

பீஜிங் ஒலிம்பிக் 2022 பெப்ரவரியில் வந்தது. கொரோனாவால் ஒரு பருவம் முழுக்கப் போட்டியை விட்டு ஒதுங்கியிருந்து திரும்பியவர்கள், முதற்சுற்றில் லொஸ் ஏஞ்சலிஸ் இரவு விடுதிகளில் 1970களில் பிறந்த கைவீச்சு நடனமொன்றை எடுத்து ஆடினார்கள். 90.83. அதுவரை எவரும் எடுக்காத புள்ளி. சுயநடனத்துக்கு ஃபோரேயின் எலெஜி. மொத்தம் 226.98. நான்காண்டுக்கு முன் 0.79 இல் போன தங்கம், ஆறு புள்ளிக்கு மேல் முன்னால் நின்று வந்தது. மறுமாதம் மொன்பெலியேயில், சொந்த நாட்டு மக்களின் முன்னால், ஐந்தாவது உலகப் பட்டம். அதற்குப் பிறகு அவர்கள் போட்டிக்கு இறங்கவே இல்லை. 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்கள்.

சில மாதங்களில் சிஸெரோன் புதிய சோடியோடு போட்டிக்குத் திரும்புவதாய் அறிவித்தார். அவருக்கு அந்த உரிமை முழுமையாய் உண்டு. ஆனால் அந்த அறிவிப்பு, பழைய சோடியைப் பாதி பாதியாய்ப் பிரித்துப் பார்க்க உலகத்தைத் தூண்டியது: யார் உண்மையான வல்லவர், யார் யாரைத் தாங்கினார் என்று. இருபது ஆண்டு ஒன்றாய்ச் சாய்ந்த இரண்டு உடம்புகளில் எந்தச் சாய்வு யாருடையது என்று அளக்க எந்தப் புள்ளித்தாளாலும் முடியாது. அப்படி அளக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணின் பங்கையே குறைத்து எழுதுகிறார்கள். தாங்குவது வேலையாகவும் மலர்வது கொடையாகவும் எண்ணிப் பழகிவிட்டதால் வருகிற பிழை அது. தாங்கப்படுவதற்கு எவ்வளவு முதுகுவலிமை வேண்டும் என்பதை ஒருமுறை பனியில் நின்றவர் அறிவார்.

கப்ரியெல்லா வேறுபக்கம் போனார். 2025 இல் சுவிற்சர்லாந்தின் பனிக்கலைக் காட்சியொன்றில் அமெரிக்காவின் மடிசன் ஹபெலோடு ஆடினார். இரண்டு பெண்கள். ஹபெல் பீஜிங்கில் கப்ரியெல்லாவிடம் தோற்று வெண்கலம் வென்றவர். மொன்றியலில் அதே அரங்கில், அதே பயிற்றுநர்களிடம் பல ஆண்டு பழகியவர். இவர் அவரைத் தூக்கினார், அவர் இவரைத் தூக்கினார். கனடாச் சறுக்குச் சம்மேளனம் 2022 இலேயே தன் உள்நாட்டுப் போட்டிகளில் சோடி என்பதை ஆண்–பெண் என்றில்லாமல் இரண்டு ஆட்டக்காரர் என்று மாற்றி எழுதிவிட்டது. சர்வதேசச் சங்கத்தின் விதிநூலில் அந்த மாற்றம் இன்னும் ஏறவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த பனிநடனக்காரிகள் இருவர் ஒன்றாய் இறங்கினாலும், எந்த உலகப் போட்டியும் அவர்களுடைய பெயரைப் பதிந்துகொள்ளாது.